பின் பிரேக் இறுகிய சனிக்கிழமை

தம்பி கட்டாருக்கு வேலைக்குப் போன வருடம்தான் எனக்குக் கடற்கரைப் பாடசாலையில் நியமனம் கிடைத்தது. தலவிலைக்குத் தெற்கே, பிரதான வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் மணல் பாதை ஒன்றின் முடிவில் அந்தப் பாடசாலை இருக்கிறது. முதல் நாள் என்னை ஏற்றிவந்த முச்சக்கரவண்டி பாதி வழியில் மணலில் புதைந்துவிட்டது. சாரதி இறங்கிச் சில்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இனி உங்கட கால்தான்" என்றார்.

ஒரு கிழமை நடந்தேன். இரண்டாவது கிழமை புத்தளத்துக்குப் போய், வீட்டுப் பின்பக்கத்தில் தறப்பாளால் மூடிக் கிடந்த தம்பியின் டேர்ட் பைக்கைக் கழுவி எடுத்து வந்துவிட்டேன். அவன் அதில் சேற்றுப் பந்தயங்களுக்குப் போய் வருவான். அவன் வீட்டில் இல்லாத நேரங்களில் நான் அதை உப்பளத்து வரம்புகளில் ஓடிப் பழகியிருந்தேன். உயரமான பைக். நின்றால் எனக்கு ஒரு கால் மட்டும்தான் நிலத்தில் முட்டும். காற்சட்டையும் நீளச் சட்டையும் போட்டு, முக்காட்டை ஊசியால் இறுக்கிக் குத்திக்கொண்டு நான் மணலில் வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் முதல் நாள் கைதட்டினார்கள். பெரியவர்கள் சில நாள் பார்த்தார்கள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். உம்மா மட்டும் விடவில்லை. "பொம்புளப் புள்ள ஓடுற சாமானா அது?" என்று ஒவ்வொரு முறை தொலைபேசியில் பேசும்போதும் கேட்பார். அதை முடித்த கையோடு, வந்திருக்கும் மாப்பிள்ளைப் பேச்சைத் தொடங்குவார்.

அந்தக் காலத்தில் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன். கிடைத்தால் எங்கே போவேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. பாடசாலைக்குப் பக்கத்தில் எனக்குத் தந்திருந்த ஒற்றை அறையில் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, ஒரு கதிரை. பின்னேரம் வந்து அந்தக் கதிரையில் இருந்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் எழும்பிவிடுவேன். போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமலே பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரையோரம் ஓடுவேன். திரும்பி வந்து, ஓடியதில் என்ன பழுதானது என்று பார்ப்பேன்.

பழுதுக்குக் குறைவே இல்லை. உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்காது. மணல் போகாத இடுக்கு கிடையாது. எல்லாவற்றிலும் முதலில் கெட்டது பின் பிரேக். மணலில் முன் பிரேக்கைப் பிடித்தால் முன்சில்லு புதைந்து ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் இந்தப் பக்கம் ஓடுகிறவருக்குப் பின் பிரேக்தான் பிரேக். வலது காலின் பெருவிரலால் தொட்டுத் தொட்டுத்தான் ஓட வேண்டும். அந்தப் பெடலை மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சென்று பல்லைக் கூசவைக்கும் சத்தம் வரத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தேன். பிரேக் பேட் இரண்டும் தேய்ந்து, இரும்புத் தகடு தெரிந்தது. புத்தளத்துக்குப் போன ஒரு நாளில் புதியது வாங்கி வந்து போட்டேன்.

பேட் மாற்றியது என் கையால்தான் என்றாலும், பிரேக் ஒயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை அமத்திப் பிடிக்க, மற்றவர் சில்லடியில் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து பழைய ஒயிலையும் அதிலுள்ள காற்றையும் வெளியேற்றி, பெடலை விடுவதற்கு முன் மூட வேண்டும். எனக்கு உதவிக்கு வந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சமைப்பவர் அவர். என்னைவிடச் சில வயது மூத்தவர், கத்தோலிக்கக் குடும்பம். கணவர் கடலுக்குப் போகிறவர். பிள்ளைகள் இல்லை. கணவர் விடியுமுன் போய்விடுவதால் அவருக்கும் நித்திரை வராத காலைகள் நிறைய. அதனால்தானோ என்னவோ என் பைக்கடியில் வந்து குந்திக்கொள்வார்.

"அமத்துங்க அக்கா."

"அமத்தியிருக்கன்."

"விடாதீங்க, விடாதீங்க... ம், இப்ப விடுங்க."

"இது மாட்டுல பால் கறக்கிற மாதிரித்தானே இருக்கு டீச்சர்" என்று சிரித்தார். "கறக்கிறதுதான் கறுப்பாக் கெடக்கு."

எவ்வளவு கறந்தும் பெடல் கொஞ்சம் தாழ்வாகவே இருந்தது. பெடல் போய் முட்டும் இடத்தில், பிரேக்கின் மேல்பகுதிக்குள் பிஸ்டனைத் தள்ளும் ஒரு குட்டைக் கம்பி இருக்கிறது. அதைத் திருகினால் பெடலின் உயரம் மாறும். பொறுமையோடு இன்னொருமுறை ஒயில் மாற்றியிருக்கலாம். எனக்கு அதுவரை இருக்க முடியவில்லை. கம்பியை நன்றாக நீட்டித் திருகி நட்டை இறுக்கினேன். விரல் பட்டதும் பிரேக் பிடித்தது. கல் மாதிரி இறுக்கமான பெடல். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கையைக் கழுவினேன்.

இரண்டு மூன்று நாளில் புது வியாதி தொடங்கியது. புறப்படும்போது நன்றாக ஓடும் பைக், போகப் போக யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல் தளரும். வேகத்தைக் கூட்டினாலும் எழும்பாது. முதலில் எஞ்ஜின் என்று நினைத்தேன். பிறகு சங்கிலி என்று நினைத்தேன். ஒரு நாள் கருகும் மணம் வந்து, நிறுத்திப் பின்சில்லின் டிஸ்க்கைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று விளங்கியது. ஆனால் ஆறியதும் விட்டுவிடும். வீட்டுக்குத் தள்ளி வந்து பார்த்தால் சில்லு ஒன்றும் தெரியாததுபோல் சுற்றும்.

தம்பிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவன் வேலைத்தலத்து இரைச்சலுக்குள் நின்று கத்தினான். "பேட்டத் தள்ளுற பிஸ்டன் இறுகியிருக்கும் ராத்தா. கழட்டிக் கழுவு."

கழற்றிக் கழுவினேன். பேட் நிற்கும் ஊசிகளை மணல்தாளால் தேய்த்து கிறீஸ் பூசினேன். பேட்டின் ஓரங்களை அராவினேன். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு ஓடிப் பார்ப்பேன். ஓரளவு தூரம் நன்றாகப் போகும், பிறகு மறுபடியும் பிடிக்கும். மற்ற வேலைகளிலும் இப்படி விடாப்பிடியாக நின்றிருந்தால் நல்லது என்று உம்மா சொல்லியிருப்பார். எனக்கு அது வேலையாகத் தெரியவில்லை. அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும்தான் உள்ளுக்குள் ஓடும் மற்ற எதுவும் கொஞ்சம் நிற்கும்.

அந்தச் சனிக்கிழமை காலையும் அப்படித்தான், பின்சில்லடியில் குந்தியிருந்தேன். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்று தொடங்கிய நாட்கள். விடிந்ததிலிருந்து கடல் வெள்ளை வெள்ளையாய் உடைந்துகொண்டிருந்தது. எங்கள் கரையின் மீன்பிடிப் போட்டுகள் வழக்கத்தைவிட நேரத்தோடு திரும்பி வந்து, மணலில் உயர ஏற்றப்பட்டிருந்தன. ஒன்றைத் தவிர. அக்காவின் கணவரும் அவருடைய மச்சானும் போன போட் வரவில்லை. தொலைபேசிக்கு எடுத்தால் இணைப்பில் இல்லை என்றது. ஆண்கள் இரண்டு போட்டுகளைத் திரும்பவும் இறக்கி மேற்கே தேடிப் போயிருந்தார்கள். பெண்கள் கரையில் கூட்டமாக இருந்தார்கள். சிலர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அந்தக் கூட்டத்திலிருந்து எழும்பி என்னிடம் வந்தார். செருப்பு இல்லை. பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"டீச்சர், இது ஓடுமா?"

"ஓடும் அக்கா. ஆனா பிரேக்தான் இன்னும்..."

"பிரேக் என்னத்துக்கு? நிக்கிறதுக்கா போறம்?"

நான் ஸ்பெனரைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"காத்து வடக்குப் பக்கமாத் தள்ளுது" என்றார். "என்ஜின் நிண்டிருந்தா எங்கயாவது கரையில அடிச்சிருக்கும். இவங்க எல்லாரும் கடலுக்குள்ள தேடுறாங்க. கரையால போய்ப் பாக்க ஆரும் இல்ல. என்னால இஞ்ச இருந்து செபம் சொல்ல ஏலா டீச்சர். வாயில வருகுது, மனசில வருகுதில்ல."

கழற்றியதைப் பூட்டினேன். இரண்டு ஸ்பெனரையும் ஒரு துணியையும் பையில் போட்டேன். அவர் எனக்குப் பின்னால் ஏறி, என் இடுப்பை வலிக்க வலிக்கப் பிடித்தார். வடக்கே புறப்பட்டோம்.

அலை வந்து போகும் ஈரமணல்தான் இறுகிய மணல். அதில் ஓடினால் சில்லு புதையாது. ஆனால் அன்று கடல் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஈரமணலை விட்டுக் காய்ந்த மணலுக்கும், காய்ந்த மணலை விட்டு அடம்பன் கொடி படர்ந்த மேட்டுக்கும் மாறி மாறி ஏறி இறங்க வேண்டியிருந்தது. காற்று இடது பக்கத்திலிருந்து மணலை அள்ளிக் கன்னத்தில் அடித்தது. மீனவர்கள் தங்கும் ஓலை வாடி ஒன்றைக் கண்டதும் அக்கா என் தோளைத் தட்டுவார். நான் வேகத்தைக் குறைப்பேன். அவர் இருந்தபடியே கத்துவார்.

"நீல போட் ஒண்டு கண்டிங்களா? வெள்ளக் கோடு போட்டது. ரெண்டு பேர்."

காணவில்லை என்பார்கள். சிலாபத்துப் பக்கமிருந்து வந்து தங்கியிருந்தவர்களிடம் சிங்களத்தில் கேட்டார். அவர்களும் தலையை ஆட்டினார்கள். ஒரு வாடியில் ஒரு மனிதர், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க மகள்" என்று ஓடி வந்தார். அவர் வருவதற்குள் அக்கா என் முதுகில் குத்தி, "எடுங்க, எடுங்க" என்றார்.

தலவிலைக் கோயில் தென்னைகளுக்கு மேலால் தெரிந்தது. திருவிழாக் காலம் இல்லை. கோயிலடிக் கடற்கரையில் நாய்களும் இரண்டு ஐஸ்கிறீம் வண்டிகளும் மட்டும் நின்றன. அந்தக் கோயிலில் இருக்கும் புனித அன்னம்மாள்தான் அக்காவுக்கு எல்லாவற்றுக்கும் பொறுப்பு. தலையிடி என்றாலும் அங்கேதான் நேர்ச்சை.

"நிப்பாட்டவா?" என்று கேட்டேன்.

"வேணாம். ஓடுங்க. எனக்கு நேரமில்லயெண்டு அவவுக்குத் தெரியும்" என்றார். ஒரு கையை என் இடுப்பிலிருந்து எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டது அவர் உடல் அசைந்ததில் தெரிந்தது.

கோயிலைத் தாண்டிக் கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம். பைக் தளரத் தொடங்கியது. கியரைக் குறைத்தேன். எஞ்ஜின் முக்கியது. நான் காலைப் பெடலிலிருந்து முழுதாகத் தூக்கியிருந்தேன். அப்படியிருந்தும் பின்சில்லு மெல்ல மெல்ல இறுகி, மணலில் ஒரு சால் கீறிக்கொண்டே போய், நின்றது. எஞ்ஜினும் நின்றது. காற்றின் இரைச்சலும் அலையின் இரைச்சலும் மட்டும் மிஞ்சின.

இறங்கித் தள்ளிப் பார்த்தோம். பின்சில்லு உருளவில்லை, இழுபட்டது. டிஸ்க்கிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. அக்கா கடலடிக்குப் போய், இரண்டு கைகளிலும் தண்ணீர் அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஊத்தாதீங்க! சூட்டில தண்ணி பட்டா வளைஞ்சு போகும்."

தண்ணீர் அவர் விரல்களுக்கிடையால் ஒழுகிப் போனது. "அப்ப என்ன செய்யிறது? ஆறுமட்டும் நிக்கிறதா? எவ்வளவு நேரம்?"

"தெரியா அக்கா."

"நான் நடந்து போறன்."

நடந்தார். குனிந்து, காற்றைத் தோளால் தள்ளிக்கொண்டு, வேகமாக நடந்தார். ஒரு மேட்டை ஏறியவர் அங்கே நின்று முன்னால் பார்த்தார். முன்னால் கரை வெறுமையாய் நீண்டு கிடந்திருக்க வேண்டும். திரும்பி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"நீங்க அதச் செய்யிங்க. எனக்கும் செய்ய ஏதாவது தாங்க டீச்சர். சும்மா நிக்க ஏலா."

"கடலுக்கு முதுகக் காட்டிக் குந்துங்க. மண் வந்து விழாமப் பாத்துக்கொள்ளுங்க."

இருவரும் கடலுக்கு முதுகைக் காட்டி, சில்லுக்கு மறைப்பாகத் தோளோடு தோள் சேர்த்துக் குந்தினோம். அவர் தன் தாவணியை விரித்து இரு பக்கமும் பிடித்துக்கொண்டார். பூட்டுப் பூட்டாகக் கழற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒயிலுக்குள் அமுக்கம் நிற்கிறது என்றால் அதை வெளியே விட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. நிப்பிளில் துணியைச் சுற்றி ஸ்பெனரைப் போட்டுக் கொஞ்சம் திருகினேன். சீறிக்கொண்டு வந்தது. சூடான ஒயில் துணியை நனைத்து என் மணிக்கட்டுவரை வழிந்தது. சில்லுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். உடனே மூடினேன்.

அக்கா கையை நீட்டிச் சில்லைத் தள்ளினார். சுற்றியது. இன்னும் பலமாகத் தள்ளினார். சங்கிலி சலசலக்கச் சில்லு சுற்றிக்கொண்டே இருந்தது. இருவரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். அவர் என் தோளில் அடித்தார்.

நான் எழும்பவில்லை. யாரும் மிதிக்காத பிரேக்கில் அமுக்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இப்படியே ஓடினால் இன்னும் கொஞ்சத் தூரத்தில் திரும்பவும் பிடிக்கும். பெடலை விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்துவதற்கு இடமே இல்லை. தொட்டவுடனேயே பிஸ்டனில் முட்டிக்கொண்டு நின்றது. நான் ஆசைப்பட்டு ஆக்கிய கல் மாதிரிப் பெடல். விரலை எடுத்தேன், வைத்தேன், திரும்ப எடுத்தேன். எடுத்தபோதும் கம்பி பிஸ்டனை விட்டு விலகவில்லை. அப்போதுதான் விளங்கியது. மிதிக்காதபோது மேல்பகுதியில் இருக்கும் அந்தப் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்தால்தான் ஒயில், தான் ஊற்றப்பட்ட குட்டித் தாங்கிக்குத் திரும்பிப் போக வழி திறக்கும். நான் கம்பியை நீட்டித் திருகியதால் அந்த வழி எப்போதும் அடைபட்டே இருந்திருக்கிறது. ஓட ஓட ஒயில் சூடாகும், பெருகும், போக இடமில்லாமல் பேட்டையே தள்ளும். தள்ளினால் இன்னும் சூடு. ஆறினால் சுருங்கிவிடும், ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். சில்லடியில் நான் கழுவிய பிஸ்டனிலும் அராவிய பேட்டிலும் ஒரு குறையும் இருந்திருக்காது.

நட்டைத் தளர்த்திக் கம்பியை உள்ளே திருகினேன். பெடல் தாழ்ந்தது. இப்போது விரலால் அழுத்தினால் முதலில் ஒன்றும் இல்லாமல் கொஞ்சம் ஆடி, பிறகுதான் முட்டியது. நட்டை இறுக்கினேன்.

"சரியா?" என்றார் அக்கா.

"சரி அக்கா. ஏறுங்க."

அதன் பிறகு பைக் பிடிக்கவே இல்லை. தளர்ந்த மணலிலும் எழும்பி ஓடியது. இன்னும் இரண்டு வாடிகளில் கேட்டோம், இல்லை என்றார்கள். அக்கா கேட்கும் குரல் ஒவ்வொரு இடத்திலும் சின்னதாகிக்கொண்டு வந்தது. கந்தக்குழிக்குக் கிட்ட, பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்களின் பட்டங்கள் வானத்தில் தெரியத் தொடங்கிய இடத்தில், ஒரு பெரிய வாடி இருந்தது. கரையில் ஏற்றியிருந்த போட்டுகளின் வரிசையில், கடைசியில், வெள்ளைக் கோடு போட்ட ஒரு நீல போட்.

நான் நிறுத்துவதற்குள் அக்கா குதித்துவிட்டார். முழங்காலில் விழுந்து எழும்பி ஓடினார். வாடி நிழலில் மீன்பெட்டி ஒன்றின்மேல் அவருடைய கணவர் இடுப்பில் யாரோ கொடுத்த சாரத்தோடு, வெறும் மேலோடு இருந்தார். ஒரு கையில் பாண், மறுகையில் பிளேன்ரீ. பக்கத்தில் மச்சான் மணலிலேயே படுத்து நித்திரையாகிவிட்டார்.

அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றார். கணவர் பாணை மென்று விழுங்கினார்.

"என்ஜினுக்குத் தண்ணி கலந்த எண்ணெய் அடிச்சிட்டுது. இவங்க போட் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாங்க" என்றார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் கோயிலுக்கு அங்கால என்ன செஞ்சிங்க?"

"எங்க?"

"கரையில. பைக்கோட. நாங்க இழுபட்டுக்கொண்டு போகக்குள்ள கண்டன். இவள்ட சிவப்புத் தாவணி தெரிஞ்சிச்சு. சேட்டக் கழட்டி வீசினன். தொண்ட கிழியக் கத்தினன். ரெண்டு பேரும் எங்களுக்கு முதுகக் காட்டிக்கொண்டு சில்லப் பாத்துக்கொண்டு இருந்தீங்க."

வாடிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"ஃபோன் எங்க?" என்றார் அவர்.

"நனைஞ்சு போச்சு."

"இத்தின பேர் நிக்கிறாங்க. ஆர்ட ஃபோனிலயாவது எடுத்தா என்ன?"

கணவர் பிளேன்ரீக் கோப்பைக்குள் பார்த்தார். "உன்ட நம்பர் பாடமில்ல."

"பாடமில்ல."

"ஆரு இப்ப நம்பர் பாடமாக்கிறது? எனக்கு என்ட நம்பரே பாடமில்ல" என்றார் அவர், உதவிக்கு மற்றவர்களைப் பார்த்து.

அக்கா அவர் கையிலிருந்த பாணைப் பறித்தார். எறியப் போகிறார் என்று நினைத்தேன். வாயில் வைத்துக் கடித்தார். நின்றபடியே, கண்ணால் தண்ணீர் ஓட ஓட, முழுவதையும் தின்றார். விடிந்ததிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கணவர் எழும்பி, கோப்பையையும் நீட்டினார். அதையும் வாங்கிக் குடித்தார். பிறகு அவருடைய வெறும் மேலை, தோளையும் முதுகையும், காயம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று கண்டதும் முதுகில் ஒன்று போட்டார். சத்தமாகத்தான் விழுந்தது.

நான் என் தொலைபேசியில் எங்கள் கரைக்கு எடுத்துச் செய்தி சொன்னேன். அந்தப் பக்கம் எழும்பிய கூச்சலில் என்னால் மேலே பேச முடியவில்லை.

போட்டின் எஞ்ஜினைச் சரிசெய்து காற்று தணிந்த பிறகுதான் கொண்டுவரலாம் என்றார்கள். கணவர், "நீயும் நில்லு, ஒண்டாப் போவம்" என்றார். அக்கா கேட்கவில்லை. "நீங்க உங்கட போட்டில வாங்க" என்று சொல்லிவிட்டு வந்து பைக்கில் ஏறிக்கொண்டார்.

திரும்பும் வழியில் காற்று எதிரே நின்றது. பேசினால் வாய்க்குள் மணல். அதனால் நெடுந்தூரம் பேசாமலே வந்தோம். அவர் பிடி முன்னைப்போல் இறுக்கமாக இல்லை. கோயில் தெரியும் இடத்தில் என் காதுக்குக் கிட்ட வந்து ஏதோ சொன்னார். விளங்கவில்லை. வேகத்தைக் குறைத்து, "என்னக்கா?" என்றேன்.

"அந்தச் சில்லு சுத்தினப்ப எனக்குச் சந்தோசமா இருந்திச்சு டீச்சர்."

"ஓம்."

"இவரக் காணல்ல. இருக்கிறாரா இல்லயா தெரியா. எனக்கு எப்பிடிச் சந்தோசம் வரும்? சிரிச்சிட்டன்தானே. நீங்களும் பாத்தீங்கதானே."

நான் பைக்கை நிறுத்தினேன். பிரேக் நான் கேட்ட இடத்தில் பிடித்து, விட்டதும் விட்டது. வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். இவருக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

"நானும்தான் சிரிச்சன் அக்கா" என்றேன். "அந்த நேரம் அவரப் பத்தி நான் நினைக்கவே இல்ல. சில்ல மட்டும்தான் நினைச்சன்."

அவர் என் முதுகில் நெற்றியை வைத்தார். பிறகு இறங்கிக் கோயிலை நோக்கிப் போனார். வரும்போது முகம் கழுவியிருந்தார்.

போட் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்து சேர்ந்தது. கணவன் மனைவிக்குள் இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அடுத்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குத்தான் அந்தக் கிழமை முழுதும் இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. திருத்த வேண்டியது ஒன்றும் இல்லாமல் பைக் சும்மா நின்றதும் ஒரு காரணம். பெடலைத் தொட்டுப் பார்ப்பேன். கொஞ்சம் ஆடும், பிறகு முட்டும். சரியாகத்தான் இருந்தது. உம்மா தொலைபேசியில் மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தபோது, முதல் தடவையாக, ஆள் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். உம்மா அதிர்ந்துபோய், தனக்கே அது சரியாகத் தெரியாது என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை அக்கா வந்தார். கணவரின் பழைய காற்சட்டை ஒன்றைப் பாவாடைக்குள் போட்டிருந்தார்.

"பழக்கித் தாங்க" என்றார்.

"அவர் ஏசமாட்டாரா?"

"ஏசட்டும். அடுத்த முறை நீங்க ஊருக்குப் போயிருந்தா, நான் ஆர்ட முதுகில ஏறிப் போறது?"

கிளட்ச் எது, கியர் எது என்று காட்டினேன். பல தடவை எஞ்ஜினை நிறுத்தினார். ஒரு தடவை சரிந்து விழுந்தார், சிரித்துக்கொண்டே எழும்பினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது பைக் திடீரென்று அவர் பேச்சைக் கேட்டது. ஈரமணலில் நேராக ஓடத் தொடங்கினார். கரையில் ஏற்றியிருந்த ஒரு பெரிய போட் வரைக்கும் போய்த் திரும்புங்கள் என்று சொல்லியிருந்தேன். அவர் போட்டைத் தாண்டினார். அடுத்த வாடியையும் தாண்டினார். நான் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். செருப்பு மணலில் புதைந்து கழன்றது. அவர் சின்னப் புள்ளியாகி, மேட்டுக்கு அப்பால் மறைந்தார். எஞ்ஜின் சத்தமும் அலைக்குள் போய்விட்டது.

கரையில் நின்றேன். இருக்க முடியவில்லை, நடந்தேன். நடக்கவும் முடியாமல் திரும்பி வந்தேன். வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் அவருடைய கணவரும் இருந்தார். "என்ன டீச்சர், போயிட்டாளா?" என்று கேட்டார். நான் வடக்கே கையைக் காட்டினேன். அவரும் வலையை விட்டுவிட்டு எழும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வடக்கே பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் புள்ளி திரும்பத் தெரிந்தது. எங்களுக்கு நேரே வந்து, பின்சில்லை லேசாக இழுத்துக்கொண்டு, சரியாக நின்றார். தலைமுடி முழுதும் அவிழ்ந்து கிடந்தது. எஞ்ஜினை நிறுத்தவில்லை. கணவரையும் என்னையும் ஒருமுறை பார்த்தார்.

"இன்னொருக்காப் போயிட்டு வாறன்" என்றார்.